வேரி-ஈஸியும் லாங்-ஈஸியும்

கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில், ஒரே பட்டறையில், நான்கு ஆண்டு இடைவெளியில் உருவானவை வேரி-ஈஸி, லாங்-ஈஸி என்ற இரண்டு சிறு விமானங்கள். இரண்டையும் வடிவமைத்தவர் பர்ட் ருட்டான். ஓடுதளத்தின் மறுகோடியில் நின்று பார்த்தால் எது எதுவென்று பழகியவர்களுக்கே தடுமாறும். இரண்டுக்கும் வால் கிடையாது. எஞ்சினும் புரொப்பெல்லரும் முதுகுப் பக்கம் இருக்கும். மூக்கருகே மெல்லிய குட்டி இறக்கை ஒன்று. பெரிய இறக்கைகளின் நுனிகளோ நிமிர்ந்து நிற்கும். உள்ளே இரண்டு பேர், மோட்டார் சைக்கிளில் போவதுபோல ஒருவர் பின் ஒருவராக, ஆனால் சாய்வு நாற்காலியில் படுத்தவாக்கில் உட்காருவார்கள். எந்தத் தொழிற்சாலையும் இவற்றைச் செய்து விற்றதில்லை. வரைபடத்தை வாங்கியவர்கள் தங்கள் வீட்டு கார் ஷெட்டிலேயே செய்துகொண்டார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அடிக்கணக்கிலும் கிலோக்கணக்கிலும் சொல்லிவிடலாம். கீழே அதுவும் வருகிறது. ஆனால் அந்த எண்கள் ஏன் மாறின என்று பார்த்தால் விஷயம் வேறு இடத்துக்குப் போகிறது. வேரி-ஈஸி, சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆளை நம்பி வரைந்தது. அப்படிச் செய்யாத ஆட்களையும் நாலு வருஷம் பார்த்த பிறகு வரைந்தது லாங்-ஈஸி.

வீட்டில் விமானம் செய்யும் பழக்கம் அமெரிக்காவில் பழையது. அதற்குச் சட்டத்தில் தனி இடமே உண்டு. வேலையில் பாதிக்கு மேல் ஓர் ஆள் தன் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்திருந்தால், அந்த விமானத்தைப் ‘பரிசோதனை’ வகையில் பதிவு செய்து பறக்கலாம். பேச்சுவழக்கில் இதை 51 சதவீத விதி என்பார்கள். 1953இல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கம் இந்த ஆட்களை ஒன்றுசேர்த்தது. 1970 முதல் விஸ்கான்சினின் ஆஷ்காஷ் ஊரில் ஆண்டுதோறும் கோடையில் அவர்களின் திருவிழா நடக்கிறது. அந்நாளில் வீட்டு விமானம் என்றால் மரம், துணி, பற்றவைத்த இரும்புக் குழாய் என்றுதான் பொருள். தச்சு வேலையோ வெல்டிங்கோ கைவராதவர்கள் பத்து வருஷம் போராடிப் பாதியில் விட்டுவிடுவார்கள். அமெரிக்க ஷெட்டுகளில் அப்படிப் பாதியில் நின்ற விமானங்கள் ஏராளம்.

பர்ட் ருட்டான் 1943இல் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் விமானப் பொறியியல் படித்துவிட்டு 1965இல் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் பறப்புச் சோதனைப் பொறியாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் கைக்கு வந்த வேலைகளில் ஒன்று, எஃப்-4 ஃபேண்டம் போர் விமானம் கட்டுப்பாடு இழந்து சுழன்று விழுவதை ஆராய்வது. விமானத்தின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறையும்போது இறக்கை தாங்குசக்தியை இழக்கிறது. இதை ‘ஸ்டால்’ என்பார்கள். ஸ்டாலில் ஒரு பக்க இறக்கை முந்திக்கொண்டால் விமானம் பம்பரமாகச் சுழன்று இறங்கும். தரைக்கு அருகே இது நடந்தால் மீட்க நேரமிருக்காது. சிறு விமானங்களில் உயிர்போன விபத்துகளுக்குப் பெரிய காரணம் இதுதான். ஸ்டாலே ஆகாத விமானம் ஒன்றைச் செய்ய முடியுமா என்பது ருட்டானின் தலைக்குள் போன கேள்வி.

அவர் கண்ட விடை, வாலை மூக்குக்குக் கொண்டுபோவது. ரைட் சகோதரர்களின் 1903 விமானமே அப்படித்தான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த அமைப்பைக் கைவிட்டார்கள். இந்த முன்னிறக்கைக்குக் கனார்ட் என்று பெயர். பிரெஞ்சில் வாத்து என்று பொருள். கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும் வாத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய இறக்கைக்கு முன்பாகவே கனார்ட் ஸ்டால் ஆகும்படி கணக்கிட்டு வைத்தால், வேகம் அதிகமாகக் குறையும்போது மூக்கு மட்டும் தானாகத் தாழும், வேகம் கூடும், மறுபடி மூக்கு நிமிரும். விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் விமானம் தலையை மெல்ல ஆட்டுமே தவிரச் சுழன்று விழாது. இந்த எண்ணத்தில் அவர் மரத்தில் செய்த முதல் விமானம் வேரி-விக்கன். ஸ்வீடனின் விக்கன் போர் விமானத்தைப் பார்த்து வைத்த பெயர். அது 1972இல் பறந்தது. பிறகு கான்சாஸ் மாநிலத்தின் பீடி விமான நிறுவனத்தில் சில காலம் சோதனைப் பிரிவைக் கவனித்துவிட்டு, 1974இல் மொஹாவே திரும்பி ‘ருட்டான் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி’யைத் தொடங்கினார். பெயரில் ஃபேக்டரி உண்டே தவிர, விற்பனைக்கு இருந்தவை வரைபடங்களும் ‘கனார்ட் புஷர்’ என்ற காலாண்டுச் செய்தி மடலும்தான்.

வேரி-விக்கனை மரத்தில் செய்து முடிக்கப் பட்ட பாடு அவருக்கு நினைவிருந்தது. அடுத்ததற்கு ஐரோப்பிய கிளைடர்களில் புழங்கிய ஃபைபர் கிளாஸைத் தேர்ந்தெடுத்தார். கிளைடர் கம்பெனிகள் முதலில் அச்சு செய்து, அந்த அச்சுக்குள் இறக்கையை வார்த்தன. ஒரே ஒரு விமானம் செய்யப்போகிறவருக்கு அச்சு தண்டச்செலவு. ருட்டான் முறையைத் தலைகீழாக்கினார். நுரைக்கட்டியை இறக்கையின் வடிவத்துக்கு வெட்டு. அதன் மேலேயே கண்ணாடித் துணியைப் போர்த்தி எபாக்சிப் பசை பூசு. நுரை உள்ளேயே இருந்துவிடட்டும். வேரி-ஈஸி என்ற பெயரில் இருக்கும் சிலேடை, ‘ரொம்பச் சுலபம்’, இந்த முறையைக் குறித்ததுதான்.

இறக்கைக்குப் பயன்பட்ட நீல நிற ஸ்டைரோஃபோம் நம் ஊர் தெர்மோகோலுக்கு நெருங்கிய உறவு. நுரைக்கட்டியின் இரண்டு முனையிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் வெட்டிய பிளைவுட் தகடுகளை ஆணியடித்து நிறுத்துவார்கள். மின்சாரம் பாய்ந்து சூடான மெல்லிய கம்பியின் இரு நுனியையும் இருவர் பிடித்துக்கொண்டு, அந்தத் தகடுகளின் விளிம்போடு இழுப்பார்கள். விளிம்பில் எண்கள் எழுதியிருக்கும். ஒருவர் ‘பத்து... பத்தரை... பதினொன்று’ என்று சொல்லச் சொல்ல, மற்றவர் தன் முனையிலும் அதே எண்ணைத் தொட வேண்டும். ஒருவர் முந்தினால் கம்பி வளைந்து நுரையில் பள்ளம் விழும். சரியாக இழுத்தால் சில நிமிடங்களில் இறக்கையின் ஒரு பக்கம் வழவழப்பாகத் தயார். இதே வேலை மரத்தில் வாரக்கணக்காகும். உடற்பகுதியின் வளைவுகளுக்கு யூரிதேன் நுரை. அதைச் சூட்டுக் கம்பியால் வெட்டினால் நச்சுப் புகை வரும் என்பதால் கத்தியாலும் உப்புத்தாளாலும் செதுக்குவார்கள்.

அடுத்தது துணி வேலை. கண்ணாடித் துணியை நுரை மேல் விரித்து எபாக்சி ஊற்றி, ரப்பர் பட்டையால் வழித்துத் தள்ள வேண்டும். பசை ஊறிய இடத்தில் துணி கண்ணாடிபோலத் தெளிந்து நுரையின் நீலம் தெரியும். ஊறாத இடம் வெள்ளையாக நிற்கும். அங்கே காற்று சிக்கியிருக்கிறது, வலு இருக்காது. வெள்ளை தெரிந்துவிடுமோ என்று பயந்து கூடுதலாகப் பசை ஊற்றுவது புதியவர்களின் வழக்கம். வலுவைத் தருவது கண்ணாடி இழை. மிஞ்சிய பசை வெறும் பாரம். பசையையும் இறுக்கியையும் சரியான விகிதத்தில் கலக்க, ஏற்றப்பலகை (சீசா) போல ஒரு தராசை முதலில் செய்துகொள்ளச் சொல்லி வரைபடத்திலேயே இருந்தது. முடிந்த விமானத்துக்கு வெள்ளைப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். அடர்ந்த நிறம் வெயிலை உறிஞ்சினால் எபாக்சி இளகும். இந்த வகை விமானங்கள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருப்பதற்கு அழகுணர்ச்சி காரணமல்ல.

முதல் வேரி-ஈஸி 1975 மே 21 அன்று பறந்தது. அதன் எஞ்சின் ஃபோக்ஸ்வாகன் காரிலிருந்து வந்தது. அந்தக் கோடையில் பர்ட்டின் அண்ணன், போர் விமானியாக இருந்த டிக் ருட்டான், அதை ஆஷ்காஷுக்கு ஓட்டிச் சென்று, 500 கிலோவுக்குக் குறைந்த விமானங்களில் வளையப் பாதையில் நெடுந்தூரம் பறந்த சாதனையைப் படைத்தார்: 1,638 மைல். வந்திருந்த கூட்டம் வரைபடம் எப்போது கிடைக்கும் என்று மொய்த்துக்கொண்டது. கார் எஞ்சினை நம்பிப் பொதுமக்களை வானத்துக்கு அனுப்ப ருட்டான் தயாராக இல்லை. 100 குதிரைத்திறன் கான்டினென்டல் விமான எஞ்சினை வைத்துச் சற்றுப் பெரிதாக்கிய இரண்டாவது முன்மாதிரி 1976 மார்ச்சில் பறந்தது. அந்த ஆண்டே வரைபடங்கள் விற்பனைக்கு வந்தன. நுரை, துணி, பசை ஆகியவற்றைக் குறிப்பிட்ட சில கடைகள் மொத்தமாகக் கட்டி அனுப்பின. விமானி அறை மூடி, எஞ்சின் உறை போன்ற கடினமான பாகங்கள் தனியாகக் கிடைத்தன. ஆக, பெட்டியைப் பிரித்துப் பூட்டும் ‘கிட்’டுக்கும் வெறும் வரைபடத்துக்கும் நடுவில் இருந்தது இந்த ஏற்பாடு.

இந்த விமானத்தின் எடையைப் புரிந்துகொள்ள ஏற்றப்பலகையை மறுபடி நினைத்துக்கொள்ளலாம். ஒரு கோடியில் எஞ்சின், மறுகோடியில் முன் இருக்கை விமானி. பின்னால் உட்காருபவர் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை பெரிதாக மாறாது. ஆனால் முன்னே இருப்பவர் இறங்கிவிட்டால் விமானம் பின்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் நிறுத்தும்போது மூக்குச் சக்கரத்தை உள்ளே மடித்து, மூக்கைத் தரையில் ஊன்றி விடுவார்கள். வரிசையாக மண்டியிட்டு நிற்கும் இந்த விமானங்களைப் பார்த்துப் பழுதாகிக் கிடக்கின்றன என்று நினைத்தவர்கள் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் வேண்டாம், கையால் புரொப்பெல்லரைச் சுற்றியே கிளப்புங்கள் என்பது ருட்டானின் அறிவுரை. மூக்கு தரையில் ஊன்றியிருப்பதால், எஞ்சின் பிடித்துக்கொண்டாலும் விமானம் ஓடிவிடாது. விமானி ஏறி உட்கார்ந்து, எதிரே இருக்கும் குமிழைச் சுற்றிச் சக்கரத்தை இறக்கினால் மூக்கு எழும். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பெரிய பேட்டரி என்று எதை வைத்தாலும் அதில் பெரும்பகுதி எஞ்சின் பக்கம்தான் போகும். ஏற்றப்பலகையின் கோடியில் வைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் மூக்கில் ஈயம் வைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

ஆனால் வீட்டில் விமானம் செய்கிறவர்கள் அறிவுரை கேட்கும் சாதி அல்ல. கேட்பவர்களாக இருந்தால் கடையில் ஒரு செஸ்னா விமானம் வாங்கியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் வைத்தார்கள். இரவில் பறக்க விளக்கும், மேகத்துக்குள் பறக்கக் கருவிகளும் வைத்தார்கள். பழைய சந்தையில் கிடைத்த கனமான எஞ்சின்களை மாட்டினார்கள். பசையை ஊற்றினார்கள். 263 கிலோ என்று வரைபடம் சொன்ன வெற்று எடையைத் தாண்டிய வேரி-ஈஸிகள் பல. சிறிய இறக்கை மேல் பாரம் ஏற ஏற, இறங்கும் வேகம் கூடும். ஓடுதளம் நீளமாக வேண்டும். இந்த விமானங்களில் சாதாரண விமானம்போல இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப்பை இறக்கி வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை. முன்னிறக்கை அந்தச் சுமையைச் சமாளிக்காது. ‘கனார்ட் புஷர்’ மடலின் பக்கங்களில் எச்சரிக்கையும் கெஞ்சலும் கண்டிப்பும் மாறி மாறி வந்தன.

லாங்-ஈஸியின் கதை இங்கே தொடங்குகிறது. கான்டினென்டலைவிடக் கனமான, நூறு குதிரைத்திறனுக்குச் சற்று மேற்பட்ட லைகாமிங் ஓ-235 எஞ்சினையும், கூடவே ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் இனி குற்றமாகக் கருதாமல், அவை இருக்கத்தான் போகின்றன என்ற கணக்கோடு ருட்டான் புதிதாக வரைந்தார். 1979 ஜூன் 12 அன்று அது பறந்தது. இறக்கையின் அகலம் 22 அடியிலிருந்து 26 அடியானது. முக்கிய இறக்கையின் பரப்பு 53.6 சதுர அடியிலிருந்து 82 சதுர அடிக்கு, ஏறத்தாழ ஒன்றரை மடங்காக, வளர்ந்தது. வெற்று எடை 322 கிலோ. முழுச் சுமையோடு 600 கிலோ. வேரி-ஈஸிக்கு அது 476. இறக்கை வேர்ப்பகுதியில் இருக்கும் அகன்ற பெட்ரோல் தொட்டிகளில் 90 லிட்டர் பிடித்த இடத்தில் இப்போது ஏறக்குறைய 200 லிட்டர் பிடித்தது. சிக்கனமாக ஓட்டினால் ஒரே மூச்சில் 2,000 மைல் போகலாம். பெயரில் ‘லாங்’ வந்தது இதனால்தான்.

வேகத்தில் தம்பி அண்ணனை முந்தவில்லை. சொல்லப்போனால், வரைபடத்தை மதித்துச் செய்த இலேசான வேரி-ஈஸி, குறைந்த குதிரைத்திறனிலேயே லாங்-ஈஸிக்கு ஈடுகொடுக்கும். கைக்கு அடங்கிய துடிப்பு அதில் கூடுதல் என்று இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்வதுண்டு. லாங்-ஈஸியின் இலாபம் வேறு: மெதுவாக இறங்கும், பெட்டி படுக்கைக்கு இடம் உண்டு, செய்தவர் ஐந்து பத்து கிலோ தவறினாலும் மன்னிக்கும். கட்டுமானத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. வேரி-ஈஸியின் இறக்கையைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றலாம். அதற்காக இணைப்பில் அலுமினியத் தகடுகளும் கூம்பு ஆணிகளும் இருந்தன. கண்ணாடி இழைக்குள் புதைந்த அந்த உலோகம் அரிக்கிறதா என்று பார்ப்பது பிற்காலத்தில் பழைய வேரி-ஈஸி உரிமையாளர்களின் கவலையானது. லாங்-ஈஸியில் இறக்கையைத் தாங்கும் நடு விட்டமே ஃபைபர் கிளாஸ்.

மற்றவை பொதுச் சொத்து. இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் விங்லெட் நாசாவின் ரிச்சர்ட் விட்கோம் ஆராய்ந்து சொன்னது. நாசா அதைப் பெரிய கேசி-135 விமானத்தில் பொருத்திப் பறந்து பார்த்தது 1979இல். வேரி-ஈஸி 1975 முதலே அதோடு பறந்துகொண்டிருந்தது. இன்று பயணிகள் விமானத்தின் ஜன்னல் வழியே தெரியும் அந்த மடங்கிய நுனி, எரிபொருளை மிச்சப்படுத்தும் உத்தி. ருட்டான் அதிலேயே திசைதிருப்பும் சுக்கானையும் வைத்தார். இரண்டு சுக்கானும் வெளிப்பக்கம் மட்டுமே திரும்பும். இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் காற்றில் பிரேக்.

ஒரு குறையும் பொதுவாக இருந்தது: மழை. இரண்டு விமானத்திலும் கனார்டின் குறுக்குவெட்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் மேல் காற்று வழுவழுவென்று ஒட்டிப் போகும்வரை அருமையாக வேலை செய்யும். மழைத்துளியோ செத்த பூச்சிகளோ ஒட்டினால் அந்த ஓட்டம் கலைந்து தாங்குசக்தி குறையும், மூக்கு தாழும், விமானி தண்டை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரே வரைபடத்தில் செய்த விமானங்களிலும் இது ஆளுக்கு ஆள் வேறுபட்டது, உப்புத்தாள் தேய்த்த கையைப் பொறுத்து. 1980களின் நடுவில் ஜான் ரோன்ஸ் என்பவர் மழைக்கு மசியாத புதிய குறுக்குவெட்டைத் தந்தார். பலரும் பழைய கனார்டைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செய்து மாட்டிக்கொண்டார்கள்.

1979 டிசம்பரில் டிக் ருட்டான் அந்த முதல் லாங்-ஈஸியில் கூடுதல் பெட்ரோலை ஏற்றிக்கொண்டு வளையப் பாதையில் 4,800 மைல் பறந்தார். தூங்காமல் முப்பத்து மூன்றரை மணி நேரம். நான்கு ஆண்டுக்கு முன் வேரி-ஈஸி போன தூரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வழியில் பெட்ரோல் போடாமல் உலகையே சுற்ற முடியுமா என்ற எண்ணத்துக்கு இந்தப் பயணங்கள்தான் ஒத்திகை. 1986 டிசம்பரில் டிக் ருட்டானும் ஜீனா யேகரும் ஒன்பது நாளில் அதைச் செய்து முடித்த வாயேஜர் விமானத்துக்கும் முன்னால் ஒரு கனார்ட் இருந்தது.

லாங்-ஈஸி வரைபடங்கள் 1980இல் விற்பனைக்கு வந்தன. 1985இல் ருட்டான் வரைபட விற்பனையையே நிறுத்திவிட்டார். 1982இல் தொடங்கிய ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனத்தில் அவருக்கு வேலை குவிந்திருந்தது ஒரு காரணம். யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஷெட்டில் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்த விமானம் விழுந்தால், வழக்கு வரைந்தவர் வாசலுக்கு வரும் என்ற அச்சம் மற்றொன்று. அதற்குள் ஆயிரக்கணக்கான வரைபடத் தொகுதிகள் விற்றுப்போயிருந்தன; அவற்றில் பறந்தவை ஒரு பகுதிதான். நாட் பஃபர் என்பவர் ருட்டானின் ஒப்புதலோடு லாங்-ஈஸியை அகலப்படுத்தி, இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமரும் கோஸியைக் கொண்டுவந்தார். பெர்குட் என்ற வேகமான வாரிசும் வந்தது.

1997 இந்தக் குடும்பத்துக்கு இரண்டு முகம் கொண்ட ஆண்டு. அந்த ஆண்டு டிக் ருட்டானும், பிற்பாடு ஸ்பேஸ்ஷிப்ஒன் விண்கலத்தில் விண்வெளி தொட்ட மைக் மெல்வில்லும் ஆளுக்கொரு லாங்-ஈஸியில் உலகைச் சுற்றி வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் தான் புதிதாக வாங்கிய பழைய லாங்-ஈஸியோடு மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றும் வால்வு, வரைபடப்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அந்த விமானத்தைச் செய்தவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் தொட உடம்பைத் திருப்ப வேண்டும். திரும்பும்போது கால் பெடலை மிதித்துவிடும். விசாரணை அறிக்கை இதையும், பெட்ரோல் குறைவாக இருந்ததையும், அந்த விமானத்தோடு அவருக்குப் போதிய பழக்கமில்லாததையும் காரணங்களாகச் சொன்னது. எடையில் தவறினால் லாங்-ஈஸி மன்னிக்கும். இடம் மாற்றிய வால்வுக்கு அதில் கணக்கு இல்லை.

புரொப்பெல்லர் பின்னால் இருப்பதும், எதையும் கழற்றி மாற்றலாம் என்பதும் லாங்-ஈஸியை ஆய்வாளர்களுக்குப் பிடித்த விமானமாக்கின. மொஹாவேயின் எக்ஸ்கோர் நிறுவனம் எஞ்சினைக் கழற்றிவிட்டு இரண்டு சிறு ராக்கெட்டுகளைப் பொருத்தி 2001இல் பறந்தது. 2005 டிசம்பர் 3 அன்று அதே விமானம் தபால் பையோடு மொஹாவேயிலிருந்து பக்கத்து கலிஃபோர்னியா சிட்டிக்குச் சென்றது. ஓட்டியவர் டிக் ருட்டான். அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடம் 2008 ஜனவரி 31 அன்று, விட்டுவிட்டு வெடித்து உந்தும் ஒரு புதுவகை எஞ்சினை இன்னொரு லாங்-ஈஸியின் முதுகில் வைத்து, சில விநாடிகள் தரைக்குச் சற்று மேலே பறக்கவிட்டது. அந்த விமானம் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.